பாதி ஏற்றத்தில் என்ஜினை அணைத்துப் பாருங்கள்

மலைப்பாதையில் ராணுவ லாரி ஓட்டக் கற்றுத்தரும் பயிற்றுநர்களுக்கு,

வணக்கம். உங்களைப் போன்ற ஒருவரிடம்தான் நானும் கற்றேன். தேர்வு நாளில் ஏற்றத்தின் உச்சியில் ஒரு கொடி நட்டிருந்தார்கள். கொடியை எட்டியவன் தேறினான், எட்டாதவன் மறுபடி வரிசையில் நின்றான். நான் முதல் முயற்சியிலேயே எட்டிவிட்டேன். என் துரதிர்ஷ்டம் அங்கேதான் தொடங்கியது.

சில மாதங்கள் கழித்து, முழுச் சுமையோடு ஒரு மண் ஏற்றத்தின் நடுவில் என்ஜின் திணறியது. கியரைக் குறைக்கலாம் என்று கிளட்சை மிதித்தேன். கியர் விழவில்லை. அந்த ஓரிரு நொடியில் வண்டி நின்று, பின்னால் நகரத் தொடங்கிவிட்டது. பதற்றத்தில் முதல் கியரைத் திணித்துக் கிளட்சை விட்டேன். என்ஜின் உறுமியது, ஆனால் புகைபோக்கியிலிருந்து புகை வரவில்லை. காற்று வடிகட்டியிலிருந்து வந்தது! பழைய டீசல் என்ஜின்கள் சில, முன்கியரில் இருக்கும்போது வண்டி பின்னால் உருண்டால் எதிர்த்திசையில் சுழன்று ஓடவே ஆரம்பித்துவிடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். அப்போது எண்ணெய் பம்பும் தலைகீழாகச் சுழலும்; பாகங்களுக்கு மசகு போகாது. பின்சக்கரம் பாதையோர மேட்டில் முட்டி நின்றதால் இந்த மடலை எழுதுகிறேன். மறுபக்கம் பள்ளம்.

ஏறுவதற்கு நீங்கள் நன்றாகவே கற்றுத்தருகிறீர்கள். அடிவாரத்திலேயே தாழ்கியரைத் தேர்ந்துகொள், நடுவழியில் மாற்றாதே, சரிவுக்குக் குறுக்கே திரும்பாதே. எல்லாம் சரி. ஏற முடியாமல் போனால் எப்படித் திரும்பி வருவது என்பது மட்டும் பாடத்தின் கடைசியில், மதிய உணவு மணி அடிக்கும் நேரத்தில் வருகிறது.

வண்டியின் தகவல் பலகையில் '60 சதவீத ஏற்றம்' என்று படித்துவிட்டு இளைஞர்கள் பூரித்துப்போகிறார்கள். (அதை 60 பாகை என்று நினைப்பவர்களும் உண்டு. 100 மீட்டர் கிடைத்தூரத்துக்கு 60 மீட்டர் உயர்வு, அதாவது ஏறத்தாழ 31 பாகை.) அந்தச் சரிவில் 10 டன் லாரியை ஐந்து டன்னுக்கும் மேற்பட்ட விசை கீழே இழுக்கிறது. கிளட்சை மிதித்த கணத்தில் பிரேக்கைத் தவிர அதை எதிர்க்க எதுவும் இல்லை. அந்த 60 சதவீதமும் நல்ல பிடிப்புள்ள தரையில், நல்ல நிலையிலுள்ள வண்டிக்கான கணக்கு. ஈரக் களிமண்ணுக்குத் தகவல் பலகை படிக்கத் தெரியாது. 3,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் கருவி) இல்லாத என்ஜினின் வலு அதற்கேற்பக் குறைந்துவிடும். அடிவாரத்தில் இழுத்த கியர் அங்கே இழுக்காது.

இனி, நின்றுபோன வண்டி. கால்பிரேக்கை அழுத்தி, கைபிரேக்கையும் போட வேண்டும். கிளட்சை மிதித்தபடியே என்ஜினை மறுபடி கிளப்ப வேண்டும். என்ஜின் ஓடாவிட்டால் பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும், காற்றுபிரேக்கின் கம்ப்ரஸரும் நின்றுவிடும். தொட்டியில் இருக்கும் காற்று சில மிதிகளுக்குத்தான் வரும். பிறகு தாழ்வரிசையில் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர் வரிசையில்) ரிவர்ஸ் கியர். கிளட்சை முழுவதும் விட்டுவிட்டு, பிரேக்கை மெதுவாகத் தளர்த்தி, என்ஜின் பிடித்துக்கொள்ள, வந்த தடத்திலேயே நேராகக் கீழே வர வேண்டும். கால் கிளட்ச் பக்கமே போகக் கூடாது. கால்பிரேக்கையே நம்பி இறங்கினால், எடை எல்லாம் பின்னால் போய் இலேசாகிவிட்ட முன்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். அதன் பின் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி கேட்காது.

எழுதும்போது எளிதாக இருக்கிறது. உடம்பு இதற்கு நேர்மாறாகச் செய்யத் துடிக்கும். வண்டி பின்னால் நழுவும்போது கால் தானாகவே கிளட்சைத் தேடும். அந்தக் காலைப் பழக்க, பலகையில் படம் வரைவது போதாது.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். தேர்வில் கொடியை உச்சியில் நடாதீர்கள். முதலில் இளஞ்சரிவில், வெற்று வண்டியோடு, பின்னால் ஆளில்லாத பாதையில், பாதி ஏற்றத்தில் என்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். வண்டி உருளாமல் சக்கரத்தடியில் கட்டை வைப்பவர் பக்கவாட்டில் நிற்கட்டும், ஒருபோதும் வண்டியின் பின்னால் அல்ல. பயிற்சி பெறுபவர் இறங்கி வரும் விதத்துக்கு மதிப்பெண் போடுங்கள். பிறகு சுமையை ஏற்றி, சரிவைக் கூட்டி, மறுபடி அணைக்கச் சொல்லுங்கள். தானியங்கி கியர்ப்பெட்டி உள்ள வண்டிகளுக்கு இதைத் தனியாக நடத்துங்கள். என்ஜின் நின்றால் அவற்றில் கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தாது என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்.

ஏறாமல் பாதியில் திரும்பி வந்தவனைப் பார்த்துச் சிரிக்கும் வழக்கமும் முகாம்களில் உண்டு. நானும் சிரித்திருக்கிறேன். அதை நிறுத்த உங்களால்தான் முடியும்.

இப்படிக்கு,
கொடியை முதல் முயற்சியிலேயே எட்டிய ஓர் ஓட்டுநர்