தயாராக உள்ள சூரிய மின், பேட்டரி சேமிப்புத் திட்டங்களுக்கு முன்னுரிமை அளித்து இணைப்பு வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்
பென்னாகரம் வட்டத்து மானாவாரி விவசாயிகள் நால்வர்
(பெயர், முகவரி, கையொப்பம் தனித்தாளில்),
தருமபுரி மாவட்டம்.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
எரிசக்தித் துறை, தலைமைச் செயலகம், சென்னை.

வழி: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், தருமபுரி.

பொருள்: துணை மின் நிலையத்தில் இணைப்பு கேட்டுக் காத்திருக்கும் சிறு மின் உற்பத்தி, சேமிப்புத் திட்டங்களின் வரிசையைச் சீரமைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாங்கள் நால்வரும் பென்னாகரம் வட்டத்தில் மழையை நம்பிக் கேழ்வரகும் கொள்ளும் நிலக்கடலையும் விதைத்து வருபவர்கள். எங்கள் பட்டா நிலத்தில் பாறை மேலெழுந்து ஏர் இறங்காத ஐந்து ஏக்கரை ஒன்றுசேர்த்து, 1 மெகாவாட் சூரிய மின் நிலையமும், 2,000 யூனிட் சேமிக்கக்கூடிய பேட்டரியும் அமைப்பதற்காகப் பதினான்கு மாதங்களுக்கு முன் இணைப்புக்கு விண்ணப்பித்தோம். துணை மின் நிலையம் எங்கள் நிலத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது. பட்டா, வில்லங்கச் சான்று, வங்கிக் கடன் ஒப்புதல், கட்டணம் செலுத்திய ரசீது ஆகிய அனைத்தையும் அன்றே கொடுத்துவிட்டோம். இன்றுவரை எங்களுக்குக் கிடைத்திருப்பது வரிசை எண் ஒன்றே.

அந்த நிலையத்தின் பவர் டிரான்ஸ்பார்மரில் மீதமுள்ள இடம், அதாவது அது இன்னும் ஏற்கக்கூடிய மின் அளவு, எங்களுக்கு முன் விண்ணப்பித்தவர்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது என்பது எங்களுக்கு முதலில் சொல்லப்பட்ட காரணம். முன்னால் இருப்பவர்களுள் ஒருவரது நிலத்தை நாங்கள் நேரில் போய்ப் பார்த்தோம். வேலிக்காக நட்ட கல்தூண்கள் ஆறு நின்றன. அவற்றுள் ஒன்றில் ஓர் ஆட்டுக்குட்டி கட்டப்பட்டிருந்தது. வேறு எந்த வேலையும் நடந்த சுவடு இல்லை. அவருக்குக் கடன் கிடைக்காமல் இருக்கலாம். அவரைக் குறை சொல்வது எங்கள் நோக்கமன்று. ஆனால் இன்னும் காகிதத்தை விட்டு வெளியே வராத ஒரு திட்டத்துக்காக, கால வரம்பே இன்றி இடத்தைப் பூட்டி வைத்திருப்பதால், பின்னால் தயாராக நிற்பவர்கள் எல்லோரும் முடங்கிப்போகிறோம்.

எங்கள் நிலைமையையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வங்கி முதல் தவணையை வழங்கியதும் வாங்கிய பேனல்கள் தார்ப்பாய் போர்த்தப்பட்டு மாட்டுக் கொட்டகையில் அடுக்கப்பட்டுள்ளன. எலி கடித்த கேபிளுக்கு டேப் சுற்றி வைத்திருக்கிறோம். பேனலுக்கான உத்தரவாதக் காலம் அது கொட்டகைக்கு வந்த நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. வட்டியும் அப்படியே.

இந்தச் சிக்கல் எங்கள் வட்டத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை அறிவோம். அமெரிக்காவில் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம், விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக ஆராயும் முறையைக் கைவிட்டுத் தொகுதியாக ஆராயவும், தயாராக உள்ள திட்டங்களை முதலில் எடுக்கவும் 2023 ஜூலையில் ஆணையிட்டது. பிரிட்டனிலும் முதலில் வந்தவருக்கே முதலிடம் என்ற பழைய வரிசையைக் கலைத்து, தயாராகவும் தேவையாகவும் உள்ள திட்டங்களை முன்னுக்குக் கொண்டுவரும் முறைக்கு 2025 ஏப்ரலில் ஒப்புதல் தரப்பட்டது. நம் நாட்டிலேயே, மாநிலங்களுக்கு இடையிலான மின் வழித்தடங்களுக்காக மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022இல் வெளியிட்டுப் பின்னர் திருத்திய விதிமுறைகள், இணைப்பு கேட்பவர் நில ஆவணம், வங்கி உத்தரவாதம் போன்றவற்றைக் காட்டி உறுதி தர வேண்டும் என்கின்றன. அந்தக் கண்டிப்பு எங்கள் துணை மின் நிலையத்து வரிசையில் நடைமுறையில் காணப்படவில்லை.

பேட்டரி குறித்துச் சற்று விரிவாக எழுதத் தாங்கள் அனுமதிக்க வேண்டும். ஏனெனில் எங்கள் விண்ணப்பம் பெரிதும் தடைப்பட்டது அங்கேதான். எங்கள் பேட்டரி நண்பகலில் முழு அளவு மின்சாரத்தை வெளியே தள்ளும் என்றும், மாலை உச்ச நேரத்தில் முழு அளவு மின்சாரத்தை உள்ளே இழுக்கும் என்றும், இரு பக்கமும் மிக மோசமான நிலையை வைத்தே கணக்கிடப்பட்டுள்ளதாக வாய்மொழியாகத் தெரிவிக்கப்பட்டது. யாரும் பேட்டரியை அப்படி ஓட்டமாட்டார்கள். வெயில் உச்சத்தில் இருக்கும்போது பேனலின் மின்சாரம் பேட்டரிக்குள் போகும். அதனால் அந்த நேரத்தில் டிரான்ஸ்பார்மருக்கு வரும் அளவு அதிகரிக்காது, குறையும். சூரியன் இறங்கி வீடுகளிலும் கடைகளிலும் விளக்கு எரியத் தொடங்கும்போதுதான் அது வெளியே வரும். இந்த நேர அட்டவணையை ஒப்பந்தத்திலேயே எழுதி, இன்வெர்ட்டரில் வரம்பு வைத்துப் பூட்டி, மீட்டர் பதிவை மாதந்தோறும் ஒப்படைக்க நாங்கள் சம்மதிக்கிறோம். மீறினால் இணைப்பைத் துண்டிக்கலாம் என்றும் எழுதித் தருகிறோம்.

மேலும், கோடையில் பகல் நேர மும்முனை மின்சாரத்தில் போர்வெல் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது எங்கள் ஃபீடரின் (துணை மின் நிலையத்திலிருந்து எங்கள் பகுதிக்கு வரும் மின் பாதையின்) கடைசியில் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. கடந்த கோடையில் எங்களுள் ஒருவர் ஒரே மோட்டாருக்கு இரண்டு முறை காயில் கட்டினார். எங்கள் நிலம் அந்தக் கடைசிமுனையில்தான் உள்ளது; அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் வோல்டேஜ் இறங்காமல் தாங்க உதவும். எனவே தனி லைன் இழுப்பதற்கு மாறாக அதே ஃபீடரில் சேர்க்க இயலுமா என்பதையும் ஆராய வேண்டுகிறோம். ஃபீடர் நிறுத்தப்படும் நேரங்களில் பாதுகாப்பு கருதி எங்கள் உற்பத்தியும் நின்றாக வேண்டும் என்பது தெரியும். அந்த இழப்பை நாங்கள் ஏற்கிறோம்.

வீட்டுக் கூரை சூரிய மின்சாரத்துக்கு மத்திய அரசு 2024 பிப்ரவரியில் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரை சாத்தியக்கூறு ஆய்வே தேவையில்லை. அதற்கு மேல் 15 நாட்களுக்குள் ஆய்வு முடியாவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகவே கருதப்படும். எங்களுடையது 11 கிலோவோல்ட் உயர் அழுத்த இணைப்பு என்பதால் அத்தனை எளிமையை நாங்கள் கேட்கவில்லை. ஆனால் நாள் கணக்கு என்று ஒன்று எங்களுக்கும் இருக்க வேண்டும். அதுபோலவே, விவசாயிகளின் சூரிய மின்சாரத்துக்காக 2019இல் தொடங்கிய பிரதம மந்திரி குசும் திட்டத்தின் வழிகாட்டு நெறிகள், ஊரகத் துணை மின் நிலையம் ஒவ்வொன்றிலும் எவ்வளவு மின்சாரம் ஏற்க முடியும் என்பதை மின் பகிர்மான நிறுவனமே மதிப்பிட்டு இணையத்தில் வெளியிட வேண்டும் என்கின்றன. அந்த விவரம் முன்பே எங்கள் கையில் இருந்திருந்தால், கடன் வாங்கும் முன்னரே முடிவெடுத்திருப்போம்.

ஆகவே, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் துணை மின் நிலையங்களில் ஒதுக்கப்பட்ட இடம், மீதமுள்ள இடம், காத்திருப்போர் வரிசை ஆகியவற்றை மாதந்தோறும் வெளியிடவும், இடம் ஒதுக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் நில ஆவணமும் நிதி ஏற்பாடும் காட்டாவிட்டால் அந்த இடத்தை அடுத்துத் தயாராக உள்ளவருக்கு வழங்கவும், பேட்டரியுடன் கூடிய திட்டங்களை அவை உறுதியளிக்கும் நேர அட்டவணையின்படி மதிப்பிடவும் ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். எங்கள் விண்ணப்பத்தைப் பொறுத்தவரை, மேற்பார்வைப் பொறியாளரும் நாங்களும் கலந்துகொள்ளும் கூட்டம் ஒன்றை மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களின் முன்னிலையில் கூட்டவும், இணைப்பு மறுக்கப்படுமானால் ஆய்வுக் கணக்கின் நகலுடன் எழுத்து மூலமாகவே மறுக்கவும் கோருகிறோம்.

விண்ணப்பம், கட்டண ரசீது, வங்கிக் கடிதம், பேட்டரி இயக்க அட்டவணை ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள் நால்வர்

இடம்: பென்னாகரம்
நாள்: