ஓவர்பூஸ்ட்டை எழுத வேண்டாமா? பயிற்சி நிறுவன நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கும் பராமரிப்புப் பிரிவுத் தலைவருக்கும் வணக்கம்.

"ஓவர்பூஸ்ட் ஓரிரு விநாடியில் சரியாகிவிட்டால் டெக் லாகில் எழுதத் தேவையில்லை" என்று போன வாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். டர்போ இன்ஜினுக்குள் அமுக்கி அனுப்பும் காற்றின் அழுத்தம் வரம்பைத் தாண்டுவதுதான் ஓவர்பூஸ்ட்; விமானத்தின் கோளாறுகளைக் குறித்துவைக்கும் பதிவேடுதான் டெக் லாக். காரணம் புரியாமல் இல்லை. எழுதினால் ஆய்வு, ஆய்வென்றால் விமானம் ஹேங்கரில். ஆனாலும் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

இரட்டை இன்ஜின் விமானமான செனெகா 2இல் இருக்கும் கான்டினென்டல் டிஎஸ்ஐஓ-360-ஈ இன்ஜினில் தானாக இயங்கும் வேஸ்ட்கேட் (டர்போவின் டர்பைனைச் சுழற்றும் புகையில் ஒரு பங்கை வேறு வழியில் திருப்பிவிடும் கதவு) கிடையாது. தரையில் மெக்கானிக் திருகி வைக்கும் பைபாஸ்தான்; பறக்கும்போது அது அசையாது. மேனிஃபோல்ட் அழுத்தத்தை, அதாவது இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை, கட்டுக்குள் வைப்பது முழுக்க பைலட்டின் கை. வரம்பு 40 அங்குலம் (பாதரச அளவில்). கடல் மட்டத்தில் த்ராட்டில் பாதை முடியும் முன்பே அது வந்துவிடும். செஸ்னா 172இல் கடைசிவரை தள்ளிப் பழகிய மாணவரை இதில் உட்கார வைத்துவிட்டு, "த்ராட்டில்: முழுமையாக" என்று அச்சிட்ட செக்லிஸ்ட்டையும் கையில் கொடுக்கிறோம்!

மாணவர் தள்ளுகிறார். முள் 34இல் நிற்கிறது, ஏனென்றால் டர்பைன் வேகம் பிடிக்க நேரமாகும். போதவில்லை என்று இன்னும் தள்ளுகிறார். அதற்குள் டர்பைன் எட்டிப் பிடிக்கிறது. ரன்வேயில் ஓட ஓட வேகத்தால் உள்ளே அழுந்தும் காற்று வேறு ஓரிரு அங்குலம் கூட்டுகிறது. ஓவர்பூஸ்ட் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. இரண்டு இன்ஜின்களின் முள்ளும் வேறுவேறு இடத்தில். எந்த லீவரை இழுப்பது என்று பார்ப்பதற்குள் விமானம் நடுக்கோட்டை விட்டு விலகியிருக்கும். பிரேக்கைப் பிடித்தபடி நிதானமாக 37 வரை ஏற்றி, முள் நின்றபின் விட்டால் இது நடக்காது.

மிகை அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு இருக்கிறதே என்பீர்கள். அது வரம்பு தாண்டிய பிறகு திறப்பது. தவிர, இந்த விமானத்தில் அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் கிடையாது. அந்தக் காற்று சூட்டோடு சிலிண்டருக்குள் போகிறது, டெட்டனேஷனுக்கு (எரிபொருள் கலவை சீராக எரியாமல் வெடிப்பதற்கு) இடம் அங்கேதான். எத்தனை அங்குலம் மீறியது, எவ்வளவு நேரம் என்பதை வைத்தே தயாரிப்பாளர் ஆய்வின் அளவைச் சொல்கிறார். சில சமயம் எதையும் பிரிக்கவே வேண்டியிருக்காது. அதை முடிவு செய்ய ஓர் எண்ணாவது வேண்டாமா? விளக்கின் பல்பையே கழற்றிவிட்டால் இன்னும் சிக்கனம்.

நம் இன்னொரு டர்போ விமானமான நவாஹோவுக்கும் இதே அறிவிப்பாம். அங்கே கதை வேறு. ஆயில் அழுத்தம் வேஸ்ட்கேட்டை மூடும், ஸ்பிரிங் திறக்கும்; எவ்வளவு ஆயிலை வடிய விடுவது என்பதை முழுத் த்ராட்டிலில் டென்சிட்டி கன்ட்ரோலரும், மற்ற நேரத்தில் டிஃபரன்ஷியல் கன்ட்ரோலரும் தீர்மானிக்கின்றன. ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருந்தால் மெதுவாக வடியும், வேஸ்ட்கேட் தாமதமாகத் திறக்கும், அழுத்தம் எகிறும். காலையின் முதல் பறத்தலில் மட்டும் எகிறினால் ஆயில் சூடேறக் காத்திருந்தால் போதும். சூடான இன்ஜினிலும் எகிறினால் வேஸ்ட்கேட்டின் பட்டர்ஃபிளை (திறந்து மூடும் தகடு) கரி பிடித்து இறுகியிருக்கலாம், கன்ட்ரோலரே கெட்டிருக்கலாம். எது என்று லாக் சொல்லும். லாகில்தான் எழுதக் கூடாதே!

சிக்கனம் இதோடு நிற்கவில்லை. டர்போவிலிருந்து புகை வெளியேறும் டெயில்பைப்பைப் பிடிக்கும் வி-பேண்ட் கிளாம்புகளில் (பட்டை வடிவக் கவ்விகளில்), பல துண்டுகளை ஸ்பாட் வெல்டிங் செய்த வகைக்கு 2023இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. 500 மணி நேர ஆயுள் வரம்பு விதித்தது. ஸ்டோரில் மாற்றுக் கிளாம்ப் கேட்டால் "இண்டென்ட் (கொள்முதல் கோரிக்கை) போட்டாச்சு" என்ற பதில்தான் வருகிறது. சரி, அதைத் தனியாக எழுதித் தருகிறோம்.

இப்போதைக்குப் பணிவாகக் கேட்பது, அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். ஒவ்வொரு ஓவர்பூஸ்ட்டுக்கும் எந்த இன்ஜின், உச்ச அழுத்தம், எத்தனை விநாடி, ஆயில் வெப்பநிலை என்று நாலு விவரம் எழுதச் சொல்லுங்கள். செனெகா செக்லிஸ்ட்டில் அந்த ஒரு வரியையும் மாற்றிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பயிற்றுநர்களும் பராமரிப்புப் பொறியாளர்களும்