நீர்வளத் துறைக்குக் கண்மாய்க் கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நீர்வளத் துறை அதிகாரிகளுக்கு,

பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்கலாம் என்று தமிழ்நாட்டில் 2000-இலேயே சட்டம் வந்துவிட்டது. நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களும் ஏட்டில் இருக்கின்றன. எங்கள் சிவகங்கைப் பக்கம் வந்து, போன போகத்தில் சங்கம் என்ன செய்தது என்று கேட்டுப் பாருங்கள். கையெழுத்துப் போட்டது என்பார்கள்.

2017-இல் குடிமராமத்துக்கு, அதாவது ஊராரும் சேர்ந்து கண்மாயைச் செப்பனிடும் வேலைக்கு, பணம் வந்தது. பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டுதாரர்கள், அதாவது கண்மாய்ப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவர்கள், உழைப்பாகவோ பணமாகவோ தர வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். கரை உயர்ந்தது, சரி. வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை வயல்களுக்கு எந்த நாளில், எத்தனை மணி நேரம் தண்ணீர் என்ற பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

இலங்கையின் கல்லோயா இடதுகரைப் பாசனத் திட்டத்தைப் பற்றி உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். 1981-இல் நீர்த்தேக்கத்தில் கால்வாசித் தண்ணீர்தான் கிடந்தது. அமைப்பாளர்களாகப் போன இளைஞர்கள் அங்கேயே தங்கி, ஒரே வாய்க்காலில் பாயும் பத்திருபது பேரை உட்காரவைத்துப் பேசினார்கள். முதலில் தூர் வாரினார்கள், தண்ணீருக்கு ஆளுக்கொரு முறை வைத்தார்கள். அப்புறம்தான் சங்கம். வாய்க்காலின் தலைப்பகுதியில் சிங்களவர், வால்பகுதியில் தமிழரும் உண்டு. இனப்பகை இருந்த அந்தக் காலத்திலும் தண்ணீர் கீழே இறங்கியது. நாம் பதிவோடு தொடங்கி, பதிவோடு முடித்துவிடுகிறோம்.

பழையபடி ஆகட்டும் என்று கேட்கவில்லை. முன்பு ஊருக்கே மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சிய நீர்பாய்ச்சி பல ஊர்களில் நிலமில்லாத, ஒடுக்கப்பட்ட சாதிக்காரர். களத்தில் அளக்கும் நெல்தான் கூலி. சொந்த வயல் இல்லாததால்தான் யார் பக்கமும் சாயாமல் பாய்ச்சினார் என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர் போனபின் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை. ராத்திரி மண்வெட்டியோடு முதலில் வருபவருக்கே வாய்க்கால்.

ஆகவே, கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமைக்கு வரும் மீன்பாசிக் குத்தகைப் பணத்தில் ஒரு பங்கைச் சங்கத்துக்கு விடுங்கள்; நீர்பாய்ச்சிக்கு மாதச் சம்பளம் கொடுக்கலாம், எந்தச் சாதிக்காரர் வந்தாலும். மராமத்து எஸ்டிமேட்டை டெண்டருக்கு முன்பே ஆயக்கட்டுதாரர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். மடைவாரியாகச் சிறு குழுக்கள் ஒரு போகம் முறை வைத்துப் பழகட்டும், சங்கத் தேர்தல் அதன்பிறகு வரட்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரே ஒரு கண்மாயில் செய்து பாருங்கள். கூட்டத்தைக் கடைமடையில் வையுங்கள். தலைமடைக்காரர்கள் நடந்து வரட்டும்.

இப்படிக்கு,
கடைமடை ஆயக்கட்டுதாரர் ஒருவர்