ஹம்மும் ஐந்தாம் கம்பியும்

தண்டையார்பேட்டை,
சென்னை.

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. கிதாரைக் கூவவிட்டு நீ செய்து அனுப்பிய இரைச்சல் இசைப் பதிவை முழுவதும் கேட்டேன். வாட்ஸ்அப்பில் வந்ததைக் கேட்டு ஒன்றும் பிடிபடாமல், பிறகு உன் தம்பியிடம் சொல்லி சுருக்காத வேவ் கோப்பாக வாங்கி, கூடத்தில் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டியில் போட்டுக் கேட்டேன். காது கவனிக்காது என்று கணக்கிட்டவற்றை நீக்கித்தான் செயலிகள் ஒலியைச் சுருக்குகின்றன. எல்லா அதிர்வெண்களும் ஒரே நேரத்தில் நிறைந்திருக்கும் உன்னுடையதைப் போன்ற ஒலியில் நீக்குவதற்குத் தோதாக எதுவும் கிடைக்காததால் எல்லாமே குழம்பிவிடுகிறது. அம்மா பாதியில் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். அதை நீ மனத்தில் வைத்துக்கொள்ளாதே. என் ஆம்பிளிஃபையர்களுக்கும் அவளிடம் அந்த மரியாதைதான் கிடைத்தது.

இதை இசை என்று ஒப்புக்கொள்கிறேனா என்று கேட்டிருந்தாய். அதைப் பற்றி எனக்குப் பெரிய அக்கறை இல்லை. தம்புராவின் குதிரையில் கம்பிக்கு அடியில் நூலைச் செருகி ஜீவா பிடிப்பதே, சுத்தமாக வரும் ஒலியில் வேண்டுமென்றே ஒரு ரீங்காரத்தைக் கலப்பதற்குத்தான். எவ்வளவு கலக்கலாம் என்பதை அவரவர் காது சொல்லட்டும். எனக்கு வியப்பாக இருப்பது வேறு. நீ எழுப்பும் ஒலிகளை அடக்குவதற்காகத்தான் ஊரார் எனக்குக் கூலி கொடுத்தார்கள். ஆடி மாதத்தில் கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் கூழ் வார்த்தலுக்கு மைக்செட் கட்டும்போது, மைக்கில் புகுந்த ஒலி ஆம்பிளிஃபையரில் பெருகி, ஸ்பீக்கர் வழியே வெளியேறி, மறுபடியும் அதே மைக்கில் புகுந்து, ஒவ்வொரு சுற்றிலும் இழப்பதைவிட அதிகமாகப் பெறத் தொடங்கினால் மைக் கூவிவிடும். உடனே மைக்கைத் திருப்புவோம், அல்லது கூம்பு ஸ்பீக்கரை அவிழ்த்துத் தள்ளிக் கட்டுவோம்.

நீ அதே சுற்றுக்குள் ஒரு கிதாரை வைத்திருக்கிறாய். கம்பியின் அசைவைப் பிடிக்கும் பிக்கப்பின் காந்தத்துக்கு மேலே எஃகுக் கம்பி அசையும்போது சுருளில் பிறக்கும் மின்சாரம், பெட்டியில் ஒலியாகி வந்து அந்தக் கம்பியையே மீண்டும் அசைக்கிறது. ஆனால் கம்பி தனக்கு ஒத்துவரும் அதிர்வெண்களை மட்டுமே ஏற்பதால், வெறும் மைக் கூவலில் இல்லாத ஒரு பிடி உன் கையில் இருக்கிறது. ஏழாவது நிமிடத்தில் நீ பெட்டியை நோக்கி நகர்ந்ததும், ஒலி ஒரு ஸ்தாயி மேலே தாவியதும் எனக்குத் தெளிவாகக் கேட்டன.

நீ காலால் மிதித்து ஒலியைக் கிழிக்கும் ஃபஸ் பெடலும் எனக்குப் புதிதன்று; அலையின் முகட்டைத் தட்டையாக வெட்டிவிடுவதை நாங்கள் ‘கிழியுது’ என்போம். 1960களின் தொடக்கத்தில் நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் கருவி பழுதாகி பேஸ் கிதாரின் ஒலி கிழிந்து பதிவானதையும், அதைத் தூக்கி எறியாமல் வெளியிட்டதையும், பொறியாளர் கிளென் ஸ்னோடி அந்தப் பழுதைத் திட்டமிட்டு உண்டாக்கும் ஒரு சுற்றை அமைத்து, அது 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று கடைக்கு வந்ததையும் தம்பி படித்துக் காட்டினான். பழுதான ஆம்பிளிஃபையரைக் கொண்டுவந்து ‘இதேபோல இன்னொன்று செய்து கொடுங்கள்’ என்று எவராவது என்னிடம் கேட்டிருந்தால், நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

இனி, தொழில்காரனாக என் கருத்து. முதல் எட்டு நிமிடங்கள் சரியில்லை. எல்லாப் பெடல்களையும் முழுதாகத் திருப்பி வைத்திருக்கிறாய். ஃபஸ் முகட்டை வெட்டிவிட்ட பிறகு நீ கம்பியை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அளவு ஏறாது; மேலே போவதற்கு இடமே வைத்துக்கொள்ளாமல் தொடங்கியிருக்கிறாய். எதிரொலி உண்டாக்கும் டிலே பெடலை ஃபஸ்ஸுக்கு முன்னால் கோத்திருக்கிறாய் என்றும் தோன்றுகிறது, ஏனென்றால் தேய்ந்து மறைய வேண்டிய எதிரொலிகளை ஃபஸ் மறுபடியும் தூக்கி நிறுத்தி ஒன்றோடொன்று அப்பிவிடுகிறது. அது வேண்டிய இடத்தில் வேண்டியதுதான், எட்டு நிமிடமும் வேண்டியதில்லை. காது மிகக் கூர்மையாக இருக்கும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியிலேயே எல்லாவற்றையும் குவித்திருப்பதால், அடியில் நீ சிரமப்பட்டுச் செய்திருக்கும் வேலை மூடிப்போகிறது. மெர்ஸ்பவ் என்ற பெயரில் மசாமி அகிதா 1979இல் நீ இருக்கும் டோக்கியோவிலேயே தன் இரைச்சல் இசையைத் தொடங்கியதாக எழுதியிருந்தாயே, அவருடைய பதிவு ஒன்றையும் கேட்டுப் பார்த்தேன். அதுவும் சுவர் போல அடர்த்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே ஏதாவது ஒன்று ஓயாமல் இடம் மாறுகிறது.

உன் பதிவில் பன்னிரண்டாவது நிமிடத்தில் அனைத்தையும் வெட்டிவிட்டு, பெட்டியில் மின்சாரம் முனகும் வெறும் ஹம்மை மட்டும் சில நொடிகள் விட்டுவைத்து, பிறகு மீண்டும் திறக்கிறாய். அங்கே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதன் பிறகு வருவதெல்லாம் நன்றாக இருக்கிறது. முந்தியதைவிடச் சத்தம் கூடியதாகத் தோன்றினாலும் மீட்டரில் கூடவில்லை.

காது விஷயத்தில் மட்டும் நான் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும். 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பதும், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்பதும் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. அந்தக் கணக்கில் 100 டெசிபலில் 15 நிமிடம்தான். உள்காதின் மயிர்ச்செல்கள் அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. கூம்புகளுக்கு அருகில் நின்று வேலை பார்த்த எங்களில் பலருக்கு இரவில் காது இரைகிறது, என் இடது காது உட்பட. ஒத்திகையிலும் காதடைப்பான் போட்டுக்கொள், மேடையில் மட்டும் போதாது.

கடைசியாக ஒன்று. அந்த ஹம் எனக்குப் பழக்கமானதுதான். சென்னையைப் போல டோக்கியோவிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கிதாரின் ஐந்தாம் கம்பியை 100 ஹெர்ட்ஸுக்கு இறக்கி, ஹம்மின் இரட்டிப்போடு அதைச் சேர்த்து, இரண்டும் மயிரிழை விலகும்போது எழும் விம்மலை வைத்தே இறுதிப் பகுதியை அமைத்திருக்கிறாய். ஆனால் அடுத்த மாதம் ஒசாகாவில் வாசிக்கப் போவதாகச் சொன்னாய். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கியதால், இன்றும் ஒசாகாவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். ஐந்துக்கு ஆறு, அதாவது ஹம்மாகிய உன் ஆதார சட்ஜம் சாதாரண காந்தாரத்துக்கு ஏறிவிடும், 100இல் நிற்கும் கம்பி அதோடு ஒட்டாது. 120க்கு ஏற்ற வேண்டும். பழைய கம்பி அந்த இழுப்பைத் தாங்குமோ என்னவோ, கிளம்புவதற்கு முன்பே புதிதாக மாற்றி, இரண்டு நாள் இழுபட விட்டு, பிறகு சுருதி சேர்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா