சத்திரம் வானத்துக்கும் ஹாரன் வேண்டும்

சத்திரம் விமான ஓடுதளத்தின் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், கேரளத்தின் இடுக்கி மாவட்டப் பேரிடர் மேலாண்மை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

வண்டிப்பெரியாற்றிலிருந்து எழுதுகிறேன். சத்திரம் பாதையில் பதினெட்டு வருஷமாக ஜீப் ஓட்டுகிறேன். பாட்டியும் அம்மாவும் தேயிலைக் கொழுந்து கிள்ளியவர்கள். நான் பிறந்தது லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்.

2022 டிசம்பர் 1 அன்று சத்திரத்தில் முதல் விமானம் இறங்கியது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, வைரஸ் எஸ்டபிள்யூ-80 என்ற சின்ன விமானம். அதற்கு முன்னால் வந்தபோது, ஓடுதள முனையில் இருந்த மண்மேடு தடுத்ததால் இறங்காமலே திரும்பிப் போயிருந்தது. மேட்டை வெட்டிய பிறகுதான் 650 மீட்டர் ஓடுதளத்தில் சக்கரம் பட்டது. இந்த ஓடுதளமே தேசிய மாணவர் படை (என்.சி.சி.) பிள்ளைகளுக்கு விமானப் பயிற்சி கொடுக்கக் கட்டியது. என் மகளும் பள்ளியில் அந்தப் படையில் இருக்கிறாள். "நானும் ஒரு நாள் ஓட்டுவேன்ப்பா" என்கிறாள். ஓட்டட்டும், எனக்கும் அதுதான் ஆசை. அந்த ஆசையோடுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர், எல்லாம் எங்கள் சனம். வழியில் பெரியவரை என்ற இடத்துப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்ததால் மீட்பு வண்டிகள் போய்ச்சேரவே பாடாயிற்று. இனி அப்படி ஒரு நாள் வந்தால் சத்திரம் கைகொடுக்கும் என்று சொன்னபோது இங்கே எல்லோருக்கும் ஒரு தெம்பு வந்தது. ஆனால் அப்படியொரு நாளில் இந்த மலைகளின் மேல் ஹெலிகாப்டரும் சின்ன விமானமும் ஒரே நேரத்தில் பறக்கும். அதற்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்று எங்களுக்குச் சொல்லுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், 2014 அக்டோபர் 23 அன்று அமெரிக்காவின் மேரிலாண்டில், ஃபிரெடெரிக் என்ற ஊரின் விமான நிலையம் அருகே நடந்தது என் மனதை விட்டுப் போகவில்லை. சிரஸ் எஸ்ஆர்22 என்ற சின்ன விமானம் இறங்க வந்துகொண்டிருந்தது. உனக்குக் கீழே மூன்று ஹெலிகாப்டர்கள் பறக்கின்றன என்று விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து சொன்னார்கள். இரண்டு தெரிகிறது என்று விமானி பதில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் விமானமும் ஒரு ராபின்சன் ஆர்44 ஹெலிகாப்டரும் மோதிக்கொண்டன.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு முறை மேலேயிருந்து மூன்று ஜீப் இறங்குவதாகப் போனில் சொன்னார்கள். இரண்டு என்னைத் தாண்டிப் போயின. மேகம் தரையோடு கிடந்த நேரம், வைப்பர் ஓடியும் பானெட் முனைக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வளைவில் நான் ஹாரன் அடித்தேன், எதிரில் சத்தமே இல்லை. மூன்றாவது ஜீப்பின் ஹாரன் வேலை செய்யவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. இடது பக்கக் கதவில் அந்தக் கீறலை இன்னும் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். நாங்கள் பிழைத்தோம், ஏனென்றால் சக்கரம் மண்ணில் இருந்தது.

ஃபிரெடெரிக்கில் விமானத்தில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். அந்த விமானத்துக்கே ஒரு பெரிய பாராசூட் உண்டு. கைப்பிடியை இழுத்தால் ராக்கெட் அதை வெளியே தள்ளும், முழு விமானமும் அதில் தொங்கியபடி இறங்கும். சிரஸ் நிறுவனத்தை ஆரம்பித்த சகோதரர்களில் ஒருவரான ஆலன் கிளாப்மையர் 1985-ல் தானே ஒரு நடுவானத்து மோதலில் சிக்கியவர். இறக்கையின் ஒரு துண்டு போன விமானத்தை எப்படியோ இறக்கிவிட்டார், மற்ற விமானத்தை ஓட்டியவர் இறந்துபோனார். அந்த அனுபவந்தான் தன் விமானங்களில் பாராசூட்டை வைக்க அவரைத் தூண்டியது. சாவைத் தொட்டுத் திரும்பிய ஒரு மனுஷன் செய்த காரியம், 29 வருஷம் கழித்து முன்பின் தெரியாத இரண்டு பேரை உயிரோடு தரையில் இறக்கியது.

ஆனால் ஹெலிகாப்டரில் இருந்த மூன்று பேரும் இறந்தார்கள். தலைக்கு மேல் சுழலி சுற்றும்போது அங்கே பாராசூட் எப்படி விரியும்?

இரு தரப்பும் கண்ணைத் திறந்து பார்த்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். மோதப்போகிற விமானம் விமானியின் முன்கண்ணாடியில் நகராது, ஒரே இடத்தில் புள்ளியாக நிற்கும். நகராத பொருளில் கண் தங்காது. கடைசி நொடிகளில்தான் அது திடீரென்று பெரிதாகும். பார்த்து, புரிந்துகொண்டு, விமானத்தைத் திருப்ப ஏறக்குறைய 12.5 நொடி ஆகும் என்பது அமெரிக்க விமானத்துறையின் கணக்கு. எங்கள் மேகம் அத்தனை நொடி கொடுக்காது. தவிர, இறக்கை கீழே பொருத்திய விமானத்திலிருந்து தனக்குக் கீழே பறப்பது தெரியாது, மேலே பொருத்தியதிலிருந்து மேலே ஒரு பக்கம் மறையும்.

எனவே கேட்கிறேன். சத்திரத்தின் மேல் யார் பறந்தாலும், ராணுவமோ தனியாரோ, ஒரே ரேடியோ அலைவரிசையில் இருக்க வேண்டும். பள்ளத்தாக்குக்குள் நுழையுமுன் தான் எங்கே, எவ்வளவு உயரத்தில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். எங்களுக்கு வளைவில் ஹாரன் எப்படியோ அப்படி. அதைக் கேட்டு எண்ணிக்கொண்டிருக்க ஓடுதளத்தில் ஓர் ஆள் வேண்டும். இரண்டு தெரிகிறது என்று பதில் வந்தால், மூன்றாவது எங்கே என்று விடாமல் கேட்கிற ஆள். தன் இடத்தை மற்றவர்களுக்குக் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவி எல்லாவற்றிலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மீட்பு ஹெலிகாப்டர் பறக்கும் நாளில் பயிற்சி விமானம் தரையிலேயே நிற்கட்டும். பிள்ளைகள் ஏறுகிற விமானத்தில் பாராசூட் இருக்கிறதா என்பதைப் பெற்றவர்களுக்கு எழுத்தில் கொடுங்கள். இல்லையென்றால், பொருத்திய பிறகு ஏற்றுங்கள்.

அடுத்து இங்கே ஆய்வுக்கு வரும்போது காலை வெயிலில் வந்து திரும்பிவிடாதீர்கள். மழைக்காலத்தில், மதியம் மூன்று மணிக்கு மேல் வாருங்கள். வண்டிப்பெரியாறு ஸ்டாண்டில் என் ஜீப் நிற்கும், நானே மேலே கூட்டிப்போகிறேன். மேகம் ஓடுதளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று உங்கள் கடிகாரத்திலேயே பாருங்கள்.

இப்படிக்கு,
சத்திரம் பாதை ஜீப் ஓட்டுநர், ஒரு மாணவர் படைப் பிள்ளையின் அப்பா