அடிக்க வந்தவர்கள் சாட்சி சொல்ல வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருட வந்ததாகச் சொல்லி ஒருவரைக் கம்பத்தில் கட்டிவைத்து, 'தர்ம அடி' கொடுத்துப் போலீசில் ஒப்படைத்தார்கள் என்று தங்கள் நாளிதழில் செய்தியும் படமும் வந்திருந்தன. படத்தில் கட்டுண்டவரின் முகம் பளிச்சென்று தெரிந்தது. அடித்தவர்களின் முகம் ஒன்றுகூடத் தெரியவில்லை. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்படி ஒப்படைக்கப்படும் வழக்குகள் அப்புறம் என்ன ஆகின்றன என்று பார்த்துப் பழகியதால் எழுதுகிறேன்.

அடி வாங்கியவர் அப்பாவி என்றால் கொடுமைதான், அதில் யாருக்கும் மறுபேச்சு இருக்காது. 2018 ஜூலையில் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேரை அடித்தே கொன்றார்கள். அடுத்த மாதம் மெக்சிகோவின் அகாட்லான் ஊரில், அதே மாதிரி வதந்தியால் திரண்ட கூட்டம் இரண்டு பேரைப் போலீஸ் நிலையத்திலிருந்து வெளியே இழுத்து எரித்தது. ஏதோ சின்னத் தகராறுக்காக அங்கே கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள்.

நான் சொல்ல வருவது வேறு. கையும் களவுமாகப் பிடிபட்டவனை அடித்தாலும், அந்த அடி கடைசியில் அவனுக்குத்தான் சாதகமாக முடிகிறது.

ஒரு சங்கிலிப் பறிப்பு வழக்கு. ஓடியவரைத் துரத்திப் பிடித்து, போலீஸ் வருவதற்குள் துவைத்து எடுத்துவிட்டார்கள். சாட்சிக் கூண்டில் நின்ற, சங்கிலியைப் பறிகொடுத்த அம்மாவிடம் எதிரித் தரப்பு (குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்றத்தில் எதிரி என்போம்) வக்கீல் குரலைக்கூட உயர்த்தவில்லை. "அடையாள அணிவகுப்புக்கு முன்னாடியே இவர் முகத்தைப் பார்த்திருக்கீங்களாம்மா?" "பார்த்தேங்க, என் பையன் போன்ல வீடியோ காட்டினான்." அவ்வளவுதான், பலரோடு நிறுத்திவைத்துச் சாட்சியை ஆள் காட்டச் சொல்லும் அந்த அணிவகுப்பு செல்லாக்காசாகிவிட்டது. சங்கிலி அவர் சட்டைப்பையிலிருந்து எடுக்கப்பட்டதா, கூட்டத்தில் யாரோ கொண்டுவந்து கொடுத்ததா என்பது அடுத்த கேள்வி. சங்கிலியைக் கைப்பற்றியதற்குப் போலீஸ் எழுதிய மகஜரில் சாட்சிகளாகக் கையெழுத்துப் போட்டிருந்த இருவரும் பிறழ் சாட்சி ஆனார்கள், அதாவது முன்பு சொன்னதைக் கூண்டில் மாற்றிச் சொன்னார்கள். 'நீயும் அடித்தாயா' என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்ற பயம். ஆஸ்பத்திரி ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டின் நகலில்) அவர் வாங்கிய அடியின் காயங்கள் ஒவ்வொன்றும் அளவோடு எழுதப்பட்டிருந்தன. எதிரி விடுதலை. அந்த அம்மா என் மேஜை அருகே வந்து, "அப்போ எடுத்தது யாருன்னு சொல்றாங்க சார்?" என்று கேட்டார்.

பத்திரிகைகள் கைதானவரின் முகத்தை அணிவகுப்புக்கு முன்பே போடக்கூடாது என்று நான் சொல்வதும் இதனால்தான். அவர் மேல் இரக்கப்பட்டுச் சொல்லவில்லை (பட்டாலும் தப்பில்லை). முகம் ஊரெல்லாம் தெரிந்த பிறகு சாட்சி அடையாளம் காட்டுவதற்கு என்ன மதிப்பு?

சரி, திருடனைக் கண்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா என்று கேட்பீர்கள். வேண்டாம், பிடியுங்கள். கண் முன்னே ஜாமீனில் விட முடியாத, பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் செய்பவரைப் பொதுமக்களே பிடிக்கலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆவது பிரிவு அனுமதிக்கிறது. தாமதம் செய்யாமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள், போலீசில் ஒப்படைக்க வேண்டும். அடிக்க மட்டும் அனுமதி இல்லை. சாதாரணத் திருட்டில் முதல் முறை தண்டனை பெறுபவருக்கு நீதிபதியே அதிகபட்சம் 3 ஆண்டு சிறைதான் கொடுக்க முடியும். கூட்டமோ மரண தண்டனை வரை போகிறது.

வழக்கு இழுக்கிறது, வாய்தா மேல் வாய்தா என்ற கோபம் நியாயமானது. வாய்தா தேதி எழுதிய கை என்னுடையது, எனக்குத் தெரியாதா? அந்தக் கோபத்தில்தான் 2019இல் ஹைதராபாத் பெண் கால்நடை மருத்துவர் கொலையில் கைதான நால்வரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது மக்கள் போலீசார் மேல் பூத்தூவினார்கள். அந்த 'என்கவுன்டர்' ஜோடிக்கப்பட்டது, இறந்தவர்களில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022இல் சொன்னது. அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததைச் செய்தவர்கள் யார் என்பது எந்த நீதிமன்றத்திலும் சாட்சி வைத்து நிரூபிக்கப்படவே இல்லை.

இழுப்பதற்குக் காரணம் பல. வெளியே யாரும் பேசாத ஒன்று, சாட்சி வராதது. கேரளத்தின் அட்டப்பாடியில் 2018இல் பழங்குடி இளைஞர் ஒருவரைத் திருடன் என்று அடித்துக் கொன்றார்கள். அடித்த கூட்டம் செல்பியும் வீடியோவும் எடுத்துப் பரப்பியது. ஆனால் விசாரணையில் சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். 14 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வர 2023 ஆகிவிட்டது. கூட்டமாக அடிக்க வருகிற தைரியம், தனியாகக் கூண்டில் ஏறும்போது எங்கே போகிறதோ தெரியவில்லை.

பயப்படுகிறவர்களையும் குறை சொல்ல முடியாது. அவர்களுக்காகவே சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றுக்கு உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் ஒப்புதல் கொடுத்தது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு மிரட்டல் எவ்வளவு என்று பார்த்து, வீட்டுக்குக் காவல் போடுவது முதல் அடையாளத்தை மறைப்பது வரை உத்தரவிடலாம். நான் பார்த்த சாட்சிகளில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. யாரிடம், எப்படி மனு கொடுப்பது என்று தங்கள் நாளிதழ் ஒரு விளக்கக் கட்டுரை வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீதிமன்ற ஊழியர் ஒருவர்