சாவி யாரிடம் இருக்கிறது, ஐயா?

கரையோரச் சுற்றுலா இடங்களைக் கவனித்துக்கொள்ளும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். தரங்கம்பாடிக் கடற்கரையில், வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டி, நீல ஓடு பதித்த கழிப்பறை ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். கட்டியதே நீங்கள்தான். அது பூட்டியே கிடப்பதும் தெரியும். மூன்று மனு கொடுத்திருக்கிறேன், மூன்றுக்கும் ரசீது பத்திரமாக வைத்திருக்கிறேன். நான்காவதையும் மனுவாகக் கொடுக்காமல் ஊரறிய எழுதுவதற்குக் காரணம், போன வாரம் நடந்த ஒரு சங்கதி.

நான் பொறையாற்றுக்காரி. பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். வெளியூர்க்காரர்கள் வந்தால் கூடப் போய்க் கோட்டையையும் தேவாலயங்களையும் காட்டுவேன். ராஜுலா கப்பலில் பினாங்கு போன பெரியப்பாவின் கதைகளைக் கேட்டு வளர்ந்ததாலோ என்னவோ, 2023 அக்டோபரில் நாகைக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் கப்பல் விட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. சில நாளில் நின்றது. 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. சரி, கடல் என்றால் அப்படித்தான்.

போன வாரம் அந்தக் கப்பலில் பதினொரு பேர் வந்தார்கள். ஊர் பார்க்க அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு நாள். மறுநாள் கப்பல் ஏறிவிட வேண்டும். நாகூர், திருநள்ளாறு, தரங்கம்பாடி, நேரமிருந்தால் பூம்புகார் என்று காலையிலேயே வேனில் கிளம்பினோம்.

அவர்களில் பருத்தித்துறை அம்மா ஒருவர். 74 வயது, சர்க்கரை உண்டு. நாகூரில் வாங்கிக் கொடுத்த தண்ணீர் பாட்டில், மூடியைக்கூடத் திருகாமல், அவர் மடியிலேயே இருந்தது. "தாகமில்லையா அம்மா?" என்றேன். "குடிச்சால் பிறகு போக வேணுமே, பிள்ளை" என்றார். எனக்கு 61 வயது. என்னைப் பிள்ளை என்று கூப்பிட இன்னும் ஒருவர் இருக்கிறாரே என்று சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

தரங்கம்பாடி போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, 1706-இல் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கியது, 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. வகுப்பெடுத்த வாய், சட்டென்று நிற்காது. அந்த அம்மா என் முழங்கையைத் தொட்டார். "பிள்ளை, இனி ஏலாது."

கைப்பிடித்துக் கழிப்பறைக்கு அழைத்துப் போனேன். மகளிர் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. வாசற்படி நிழலில் ஓர் ஆடு படுத்திருந்தது. கதவில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு. உப்புக்காற்றில் துருவேறி, சாவித் துவாரமே அடைந்து போயிருந்தது. பக்கத்தில் சுண்டல் விற்பவரைக் கேட்டேன். "சாவி தம்பிகிட்ட இருக்கு டீச்சர். தம்பி மாயவரம் போயிருக்கு" என்றார். எந்தத் தம்பி என்றால் அவருக்கும் தெரியவில்லை.

கடைசியில் மீனவர் தெருவில் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றோம். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண், எங்களைப் பார்த்ததும் ஒன்றுமே கேட்கவில்லை. கொல்லைப்பக்கம் வழியில் கிடந்த வலையை ஒதுக்கினாள், குடத்துத் தண்ணீரை வாளியில் சாய்த்தாள். "தாழ்ப்பாள் உடைஞ்சிருக்கும்மா, நான் நிக்கிறேன், நீங்க போங்க" என்று கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். அந்த அம்மா வெளியே வந்து நூறு ரூபாயை நீட்டினார், அவள் வாங்கவில்லை. வேனில் ஏறிய பிறகுதான் பாட்டிலைத் திறந்தார். ஒரே மூச்சில் குடித்து முடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "பூம்புகார் வேண்டாம் பிள்ளை, திரும்புவம்" என்றார்.

கடல் தாண்டி வந்தவர், ஐயா. மாசிலாமணி நாதர் கோயிலைக்கூட அவர் பார்க்கவில்லை. கடல் அரித்தது போக மிஞ்சி நிற்கும் அந்தக் கோயிலைக் காட்டாமல் ஒருவரை நான் திருப்பி அனுப்பியது அன்றுதான்.

அந்தப் பூட்டைத் திறந்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். புதிதாக ஒன்றும் கட்ட வேண்டாம். கோட்டையைச் சுற்றி வண்ண விளக்கு வேண்டாம், செல்ஃபி எடுக்க ஊர்ப்பெயர் எழுத்துகள் வேண்டாம். 1708-இல் சீகன்பால்குவை இதே கோட்டையில் அடைத்து வைத்தார்கள். நான்கு மாதத்தில் திறந்து விட்டுவிட்டார்கள். உங்கள் பூட்டு இரண்டு பொங்கலைப் பார்த்துவிட்டது.

கப்பலில் வருகிறவர்களுக்கு மட்டும் உள்ள சிரமமும் இல்லை இது. சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு வருகிறவர்கள், கேதுவுக்குக் கீழப்பெரும்பள்ளம், புதனுக்குத் திருவெண்காடு என்று போகிறவர்கள், எல்லோரும் இந்தச் சாலையில்தான் போகிறார்கள். ஆண்களுக்குச் சுவர் இருக்கிறது, கருவேலம் புதர் இருக்கிறது. பெண்கள் தண்ணீர் குடிப்பதை விட்டுவிடுகிறார்கள். நாகூர் தாண்டி வாஞ்சூருக்குள் நுழைந்தால் வரிசையாக மதுக்கடை, ஒன்றிலாவது சாவி தம்பியிடம் இருக்கிறது என்று சொல்லிக் கேட்டதுண்டா? ஓசோன் காற்று வீசும் ஊர் என்று வேறு பெருமை பேசுகிறோம். சுண்டல்காரருக்குப் பக்கத்துச் சுவரடியில் நின்று அந்தக் காற்றை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போகிறேன். பணிவாகவே கேட்டுக்கொள்கிறேன்: பூட்டைத் திறந்துவிடுங்கள். சாவியை அந்த மீனவர் தெருவில் இருக்கும் பெண் ஒருத்தியிடம் சம்பளம் போட்டுக் கொடுங்கள். ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ வாங்கிக்கொள்ளட்டும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். தண்ணீருக்கு மோட்டார் வேண்டும், உள்ளே தாழ்ப்பாள் வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இன்னொரு கூட்டம் வருகிறது. அதில் எட்டுப் பேர் பெண்கள். அதற்குள் திறக்க முடியவில்லையென்றால், சாவி யாரிடம் இருக்கிறது என்றாவது தெரியப்படுத்தக் கோருகிறேன், நானே போய் வாங்கிக்கொள்கிறேன். நேற்று போய்க் கேட்டேன். தம்பி இன்னும் மாயவரத்திலிருந்து வரவில்லையாம்.

இப்படிக்கு,
பொறையாற்றிலிருந்து ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை ஒருத்தி